குட்டியைச் சுமக்கும் கைகளுக்கும் உரிமை வேண்டும்

சம்பளப் பேச்சு, காணியுறுதி, சேமலாப நிதி நிலுவை என்று எழுத வேண்டிய விடயங்கள் வரிசையில் நிற்கின்றன. இந்த நேரத்தில், எங்கோ போர்னியோத் தீவின் காட்டில் வாழும் மனிதக்குரங்கைப் பற்றி நமது சங்க ஏட்டில் எதற்கு ஒரு கட்டுரை என்று தோழர்களும் தோழியரும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தாயை இழந்த ஒராங்குட்டான் குட்டிகளை இடுப்பில் சுமந்து, பாலூட்டி, மரமேறப் பழக்கி, மறுபடியும் காட்டுக்கு அனுப்பிவைக்கிற பெண்களும் ஆண்களும் அங்கே இருக்கிறார்கள். உலகம் அந்தக் குட்டிகளின் படத்தைப் பார்த்து உருகுகிறது, பணமும் அனுப்புகிறது. குட்டியைத் தூக்கி வைத்திருக்கும் கை யாருடையது, அந்தக் கைக்கு என்ன சம்பளம், அது நோயில் விழுந்தால் யார் பார்ப்பது என்று கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்க வேண்டிய முதல் ஆட்கள் தொழிற்சங்கக்காரர்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து.

அந்தக் குட்டிகளை அநாதையாக்கியதில் பெரும் பங்கு தோட்டப் பயிர் ஒன்றுக்கு உண்டு. ஆகவே தோட்டத் தொழிலாளரான நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

காட்டு ஆள்

மலாய் மொழியில் 'ஒராங்' என்றால் ஆள், 'ஹூத்தான்' என்றால் காடு. காட்டு ஆள் என்பதே ஒராங்குட்டான் என்ற பெயரின் பொருள். இன்று அது காட்டில் வாழ்வது போர்னியோ, சுமாத்திரா என்ற இரண்டு தீவுகளில் மட்டுந்தான். போர்னியோ இனம், சுமாத்திரா இனம், 2017இல் தனி இனமாக அறிவிக்கப்பட்ட தபானுலி இனம் என மூன்று வகை உண்டு. இந்தத் தபானுலி ஒராங்குட்டான்கள் உலகத்தில் மொத்தமாக 800கூட இல்லை.

ஒரு தாய் ஏழு, எட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் குட்டி ஈனும். அவ்வளவு காலமும் குட்டி தாயை ஒட்டியே வளரும். எந்த மரம் எந்த மாதம் பழுக்கும், எந்தப் பட்டையை உரித்தால் உள்ளே தின்ன ஏதாவது கிடைக்கும், கிளைகளை எப்படி வளைத்து இரவுக்குக் கூடு கட்டுவது என்பதையெல்லாம் தாயைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். பிறந்ததும் தானாகத் தெரிந்துகொள்வது மிகக் குறைவு. நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலத்தான்.

காடு வெட்டப்பட்டு எண்ணெய்ப்பனை நடப்படும்போது இந்த மிருகத்துக்குப் போக இடமில்லாமல் போகிறது. நம் நாட்டின் தென்பகுதித் தோட்டங்களில் முள்ளுத் தேங்காய் என்றும் மலேசியத் தமிழர் செம்பனை என்றும் சொல்கிறார்களே, அதே மரந்தான். பசியில் தோட்டத்துக்குள் வந்து இளங்குருத்தைப் பிடுங்கித் தின்னும் தாயை விரட்டுகிறார்கள், சுடுகிறார்கள், வெட்டுகிறார்கள். அதன் மேலே தொங்கிக்கொண்டிருக்கும் குட்டியைப் பிடித்து வளர்ப்புப் பிராணியாக விற்கிறார்கள். காட்டுக்குள்ளேயே வேட்டைக்குப் பலியாகும் தாய்களும் ஏராளம். 1999க்கும் 2015க்கும் இடையில் போர்னியோவில் மட்டும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒராங்குட்டான்கள் இல்லாமற்போயின என்று 2018இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 2016இல் போர்னியோ இனமும் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இந்தோனேசியாவில் 1990ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி இந்த மிருகத்தைக் கொல்வதும் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். சட்டத்தின்படி மீட்கப்படும் குட்டிகளை எங்கே கொண்டுபோவது? அதற்காக உருவானவைதான் மறுவாழ்வு நிலையங்கள். மலேசியாவின் சபா மாநிலத்தில் செப்பிலோக் நிலையம் 1964இல் தொடங்கியது. இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தான் மாகாணத்தில் பலங்கா ராயா நகருக்கு அருகே நியாரு மெந்தெங் நிலையம் 1999இல் தொடங்கியது. ஒரு காலத்தில் அங்கே மட்டும் 600க்கும் மேற்பட்ட ஒராங்குட்டான்கள் இருந்தன. வடக்கு சுமாத்திராவில் மேடான் நகருக்கு அருகிலும், மேற்குக் கலிமந்தானில் கெத்தாப்பாங்கிலும் வேறு நிலையங்கள் உண்டு.

பிள்ளை மடுவமும் காட்டுப் பள்ளியும்

நம் தோட்டங்களில் பிள்ளை மடுவத்தில் இருக்கிற ஆயம்மாவை எல்லாருக்கும் தெரியும். காலையில் தாய்மார் கொழுந்துக்குப் போனதும் ஐந்தாறு குழந்தைகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்கிறவர். ஒன்று அழும், ஒன்று ஓடும், ஒன்று பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கும். போர்னியோ நிலையங்களில் நடப்பதும் இதே வேலைதான். பிள்ளைகள்தான் வேறு. இந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலானோர் அக்கம்பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்த பெண்கள். நியாரு மெந்தெங்கில் பலர் அந்த மண்ணின் பூர்வ குடியான தயாக் சமூகத்தினர்.

மீட்கப்பட்டு வரும் குட்டி முதலில் தனியே வைத்துப் பரிசோதிக்கப்படும். பல குட்டிகள் எலும்பும் தோலுமாக வரும். சிலவற்றின் உடம்பில் வெட்டுக்காயம் இருக்கும், சிலவற்றின் கழுத்தில் சங்கிலித் தழும்பு இருக்கும். தாயைக் கொன்றதைப் பார்த்த குட்டி கையை விடாது, இறக்கி வைத்தால் கத்தும். மனிதக் குழந்தைக்குப் போலவே சில மணி நேரத்துக்கு ஒரு முறை பால் கொடுக்க வேண்டும். இரவிலும் முறை வைத்துப் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் தேறியதும் அந்தக் குட்டி காட்டுப் பள்ளிக்குப் போகும். 'செக்கோலா ஹூத்தான்' என்று அங்கே சொல்கிறார்கள். காலையில் குட்டிகளைத் தூக்கிக்கொண்டும், தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டும் பெண்கள் காட்டுக்குள் போகிறார்கள். அங்கே மரத்தைக் காட்டி ஏறத் தூண்டுவார்கள். கறையான் இருக்கும் கட்டையைப் பிளந்து காட்டுவார்கள். கிளையை வளைத்து இலையைப் பரப்பிக் கூடு எப்படி என்று செய்து காட்டுவார்கள். இறப்பர் பாம்பைத் தரையில் போட்டு, தாங்களே பயந்து ஓடுவதுபோல் நடித்து, பாம்பென்றால் அஞ்ச வேண்டும் என்று பழக்குவார்கள். தரையில் உட்கார்ந்து விளையாடும் குட்டியை மறுபடி மறுபடி மரத்துக்கு அனுப்புவார்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் இந்த வேலை நடக்கும். அட்டைக்கடி என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

குட்டி வளர வளர அதன் பலமும் வளரும். ஐந்தாறு வயதான ஒராங்குட்டான் கோபத்தில் கையைப் பிடித்து இழுத்தால் ஒரு மனிதரால் தாக்குப்பிடிக்க முடியாது. கடிபட்ட தழும்பு இல்லாமல் இந்த வேலையில் பல ஆண்டுகள் நிற்பது கடினம்.

அதற்குப் பிறகு ஆறு சூழ்ந்த தீவுகளில் விட்டு, மனிதர் துணை இல்லாமல் வாழ முடிகிறதா என்று பார்க்கிறார்கள். கடைசியில் புக்கிட் பாத்திகாப் போன்ற தூரத்துக் காடுகளுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கேயும் வேலை முடிவதில்லை. விடுவிக்கப்பட்ட மிருகம் கூட்டிலிருந்து எழும் விடியற்காலை முதல் மறு கூட்டில் படுக்கும் மாலை வரை, கண்காணிப்பு ஊழியர்கள் காட்டில் அதன் பின்னால் நடந்து குறிப்பெடுக்கிறார்கள். ஒரு குட்டியைக் காட்டு வாழ்க்கைக்குத் தயார் செய்ய ஏழு, எட்டு ஆண்டுகள்கூட ஆகும். நியாரு மெந்தெங்கை நடத்தும் அமைப்பு 2012 முதல் இப்படிக் காட்டுக்குத் திருப்பியனுப்பிய ஒராங்குட்டான்களின் எண்ணிக்கை 500ஐத் தாண்டிவிட்டது.

இந்த வேலையில் வெற்றி என்றால் என்ன தெரியுமா? கையில் வளர்த்த பிள்ளை நம்மைத் திரும்பிப் பார்க்காமல் மரத்தில் ஏறிப் போய்விடுவதுதான். அந்தப் பிரிவுக்காகவே உழைக்கிற தொழிலாளர்கள் இவர்கள்.

போக முடியாதவர்கள்

எல்லாக் குட்டிகளும் காட்டுக்குத் திரும்புவதில்லை. 2019 மார்ச் மாதம் சுமாத்திராவின் ஆச்சே மாகாணத்தில் சுபுலுசலாம் பகுதியில் ஒரு தாயும் ஒரு மாதக் குட்டியும் மீட்கப்பட்டன. தாயின் உடம்பில் காற்றுத் துப்பாக்கியின் 74 ரவைகள் இருந்தன. இரண்டு கண்களும் பார்வை இழந்துவிட்டன. தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. பால் இல்லாத குட்டி நிலையத்துக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டது. அந்தத் தாய்க்கு 'ஹோப்' என்று பெயர் வைத்தார்கள். நம்பிக்கை என்று பொருள்.

ஒராங்குட்டான் 50 வயது வரைகூட வாழக்கூடியது. கண் தெரியாத மிருகத்தைக் காட்டில் விட முடியாது. ஆகவே அதற்குப் பல பத்தாண்டுகள் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் உணவு வைக்க வேண்டும், கூட்டைக் கழுவ வேண்டும், காயம் பார்க்க வேண்டும். ஊடகங்கள் ஒரு வாரம் எழுதும். அந்த யாரோ ஒருவர் ஓய்வு பெறும் வயது வரை அங்கே நிற்பார். அவருக்கு ஓய்வூதியம் உண்டா என்பதைச் செய்தியில் யாரும் போடுவதில்லை.

2015இல் இந்தோனேசியாவில் பெருந்தீ பரவியது. காட்டையும் சதுப்புக் கரி நிலத்தையும் சேர்த்து ஏறத்தாழ 26 இலட்சம் ஹெக்டேயர் எரிந்தது. பல வாரங்கள் பலங்கா ராயாவில் பகலில்கூட வெளிச்சம் தெரியாத அளவுக்குப் புகை. நியாரு மெந்தெங்கில் குட்டிகளுக்கு மூச்சுக்குழாய் நோய் வந்தது, காட்டுப் பள்ளி நின்றது. தீ நிலையத்தின் எல்லைவரை வந்தபோது ஊழியர்களே அணைக்கப் போனார்கள். அந்தப் புகையைக் குட்டிகள் சுவாசித்ததை உலகம் அறிந்தது. அதே புகையைச் சுவாசித்த பராமரிப்பாளர்களையும், வீட்டில் இருந்த அவர்களுடைய சொந்தக் குழந்தைகளையும் எத்தனை பேர் விசாரித்தார்கள்?

அன்பு இருந்தால் சம்பளம் எதற்கு?

பராமரிப்பு வேலைக்கு எப்போதும் ஒரு பேச்சு உண்டு. அது சேவை, அது தாய்மை, அதைக் காசு கணக்கில் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்தப் பேச்சு நமக்குப் பழக்கமானது. பெண்ணின் விரல் மெல்லியது, கொழுந்து பறிக்கவே படைக்கப்பட்டது என்று சொல்லிச் சொல்லித்தான் அந்த விரலுக்கு ஒன்றரை நூற்றாண்டாகக் குறைந்த கூலி கொடுத்தார்கள். மலையகத்திலிருந்து மத்திய கிழக்குக்குப் போன நம் பெண்கள், தங்கள் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அந்நியர் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்தார்கள். 'எங்கள் வீட்டு ஆள் மாதிரி' என்று சொன்ன எஜமானிகள் வார லீவு கொடுக்கவில்லை. வீட்டு வேலையும் வேலைதான், அதைச் செய்பவரும் தொழிலாளிதான் என்று சர்வதேசத் தொழில் அமைப்பு சமவாயம் ஒன்றை நிறைவேற்றவே 2011ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒராங்குட்டான் பராமரிப்பாளருக்கு அந்தக் குட்டிமேல் அன்பு இருக்கிறது. இல்லாவிட்டால் அந்த வேலையில் நிற்க முடியாது. ஆனால் அன்பு அரிசி வாங்காது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அவர்களுடைய தொழில் உரிமையும் குட்டிகளின் உயிரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. மனிதருக்கும் ஒராங்குட்டானுக்கும் மரபணு ஏறத்தாழ 97 சதவீதம் ஒன்று. நமக்கு வரும் சளி, காசநோய், ஈரல் அழற்சி எல்லாம் அதற்கும் தொற்றும். அதனால்தான் பராமரிப்பாளர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். இருமல் உள்ள ஊழியர் குட்டியின் பக்கம் போகக் கூடாது. சரி, இருமல் வந்த நாளுக்குச் சம்பளம் உண்டா? இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதை நாம் சொல்லலாம். காய்ச்சலோடு மலைக்கு ஏறியவர்கள் நாம். பேர் போய்விடும் என்ற பயத்தில் இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். அங்கே அந்த ஒரு இருமலால் நிலையம் முழுவதும் நோய் பரவலாம். சம்பளத்தோடு கூடிய சுகவீன லீவுதான் அங்கே முதல் தடுப்பூசி.

நிரந்தர வேலையும் அப்படித்தான். தாயை இழந்த குட்டி ஒரு முகத்தை நம்பத் தொடங்கவே பல வாரம் ஆகும். குறைந்த சம்பளத்தால் ஆட்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாறினால், குட்டி மீண்டும் மீண்டும் தாயை இழக்கிறது. எந்தக் குட்டி எதைத் தின்னாது, எது மழைக்குப் பயப்படும், எது கூடு கட்டச் சோம்பல்படும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பத்து ஆண்டுகள் அந்த வேலை செய்த பெண்ணின் தலையில்தான் இருக்கிறது. அவர் போனால் அந்த அறிவும் போய்விடும்.

மரத்தின் மறுபக்கம்

அதே மத்திய கலிமந்தானில், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் இருப்பவர்களும் தொழிலாளர்களே. உலகின் பாம் எண்ணெயில் ஏறத்தாழ 85 சதவீதம் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. 2016இல் சர்வதேச மன்னிப்புச் சபை வடக்கு சுமாத்திராவிலும் மத்திய கலிமந்தானிலும் உள்ள தோட்டங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. வில்மர் நிறுவனத்தின் துணைக் கம்பனிகளுடைய தோட்டங்களும் அதற்கு எண்ணெய் வழங்கும் தோட்டங்களும் அதில் ஆராயப்பட்டன. நாளாந்த இலக்கை எட்டாதவருக்குச் சம்பளம் வெட்டு. பெண்கள் ஆண்டுக்கணக்கில் நாட்கூலிகளாகவே வைக்கப்பட்டார்கள். நிரந்தரம் இல்லை, சுகாதாரக் காப்புறுதி இல்லை. இலக்கை முடிக்கப் பிள்ளைகள் பெற்றோருக்கு உதவினார்கள். மருந்தடிக்கும் தொழிலாளருக்குப் பராகுவாட் விஷத்தால் கடுமையான காயங்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்த அறிக்கையை யாரும் மொழிபெயர்த்துத் தர வேண்டியதில்லை.

ஆகவே ஒரே காட்டை வெட்டிய ஒரே தொழில், ஒரு பக்கம் ஒராங்குட்டான் குட்டியை அநாதையாக்கியது. மறுபக்கம் தன் தொழிலாளியை நாட்கூலியாக்கியது. தோட்டத் தொழிலாளியைக் கொலைகாரனாகவும், நிலையத்தில் வேலை செய்யும் அவன் ஊர்ப் பெண்ணைத் தேவதையாகவும் காட்டும் கதைகள் வெளிநாட்டில் விற்பனையாகும். உண்மையில் இருவரும் ஒரே கிராமத்துக்காரர்கள். காடு இருந்தபோது காட்டை நம்பி வாழ்ந்த குடும்பங்கள். ஒருவருக்குக் கத்தி கொடுத்தார்கள், மற்றவருக்குப் பால் போத்தல் கொடுத்தார்கள். காடு வெட்டும் முடிவை எடுத்தவர்கள் அந்த ஊரிலேயே இல்லை.

நம் நாட்டிலும் இதன் நிழல் விழுந்தது. 1960களின் கடைசியில் காலி மாவட்டத்தின் நாகியாதெனிய தோட்டத்தில் தொடங்கிய இந்தப் பயிர், பின்னர் தென்மேற்கில் பல ஆயிரம் ஹெக்டேயருக்குப் பரவியது. 2021 ஏப்ரலில் அரசாங்கம் புதிய நடுகையைத் தடை செய்தது. இருக்கும் மரங்களைக் கட்டம் கட்டமாகப் பிடுங்கி வேறு பயிர் நட வேண்டும் என்றது. மண்ணரிப்பு, நீரூற்று வற்றுதல் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. கம்பனிகள் தங்கள் நட்டத்தைப் பற்றிப் பேசின. அந்தத் தோட்டங்களில் குலை வெட்டிய தொழிலாளியின் நாளை என்ன என்ற கேள்விக்குத்தான் குரல் குறைவாக இருந்தது. இயற்கையைக் காக்க எடுக்கும் எந்த முடிவிலும் தொழிலாளியின் பெயர் கடைசி வரியில்கூட வராமல் போகலாம் என்பதை நாம் இங்கேயே பார்த்தவர்கள். இந்தோனேசியாவிலும் அது நடக்கக் கூடாது என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

எதிர்ப்பேச்சுகள்

முதலாவது எதிர்ப்பேச்சு நம் பக்கத்திலிருந்தே வரும். லயத்துக் கூரை ஒழுகும்போது குரங்குக்கு என்ன என்பார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் நாம் பேசுவது ஒருவர் தட்டிலிருந்து எடுத்து மற்றவர் தட்டில் போடுவதைப் பற்றியல்ல. நம் சந்தாப் பணத்தை அங்கே அனுப்பச் சொல்லவில்லை. காட்டை அழித்து இலாபம் பார்த்தவர்களும் குட்டியின் படத்தை வைத்து நிதி திரட்டுபவர்களும் தொழிலாளிக்கு முறையாகக் கொடுக்க வேண்டும் என்கிறோம். எந்த நாட்டிலாவது ஒரு தொழிலாளி 'சேவை' என்ற பெயரில் குறைந்த கூலிக்கு வேலை செய்தால், அந்த அளவுகோல் ஒருநாள் நம் பக்கமும் வரும்.

இரண்டாவது, சில விஞ்ஞானிகள் சொல்வது. ஒரு குட்டியை வளர்க்க ஆகும் செலவில் பெரிய காட்டையே காக்கலாமே என்கிறார்கள். காட்டைக் காப்பது முதல் வேலை என்பதில் மறுப்பில்லை. காடு இல்லாவிட்டால் குட்டியை வளர்த்து எங்கே விடுவது? ஆனால் சட்டம் மீட்டுவந்த குட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போக முடியாது. அதோடு, காடு காக்கும் வேலையையும் யாரோ ஒரு காவலாளி, யாரோ ஒரு தீயணைப்பாளர்தான் செய்கிறார். அவர்களுக்கும் இதே கேள்விகள் உண்டு.

மூன்றாவது, பாம் எண்ணெயையே புறக்கணித்துவிடலாம் என்பது. ஒரு ஹெக்டேயரில் மற்ற எண்ணெய்ப் பயிர்களைவிடப் பல மடங்கு எண்ணெய் தருவது இந்த மரம். அதை விட்டு வேறு பயிருக்கு மாறினால் இன்னும் அதிகக் காடு போகக்கூடும். இலட்சக்கணக்கான தொழிலாளரின் பிழைப்பும் போகும். இருக்கும் தோட்டத்தில் நியாயமான கூலி, இனிமேல் காட்டில் கை வைக்காத கட்டுப்பாடு, அழித்ததற்கு நட்டஈடு என்ற மூன்றும் சேர்ந்து வருவதே நமது நிலைப்பாடாக இருக்க வேண்டும்.

நாம் முன்வைக்கும் கோரிக்கைகள்

பராமரிப்பாளர்கள் நிரந்தர ஊழியராக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம், அந்த மாகாணத்தின் குறைந்தபட்ச சம்பளத்துக்குக் குறையாத சம்பளம், 'பி.பி.ஜே.எஸ்.' எனப்படும் இந்தோனேசிய சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு ஆகியவை ஒவ்வொருவருக்கும் வேண்டும்.

கடி, விழுதல், நோய்த் தொற்று ஆகியவை வேலை விபத்துகளாகக் கணக்கிடப்பட வேண்டும். வைத்தியச் செலவும் சம்பளத்தோடு சுகவீன லீவும் நிலையத்தின் பொறுப்பு. தடுப்பூசி, காசநோய்ப் பரிசோதனை, முகக்கவசம் எல்லாம் ஊழியரின் கைக்காசில் வரக் கூடாது.

அனுபவத்துக்குப் பதவி உயர்வு வேண்டும். இருபது ஆண்டுகள் குட்டி வளர்த்த பெண்ணுக்கு மேலே படிப்பை மட்டும் கொண்டு வந்த ஒருவர் அமர்ந்துவிடுவது நம் தோட்டத்திலும் நடக்கும் கதை. மிருக வைத்தியரின் உதவியாளர், பயிற்சியாளர், மேற்பார்வையாளர் என்று உள்ளூர்ப் பெண்கள் ஏறிப்போக வழி வேண்டும். அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் ஓர் ஏற்பாடு வேண்டும்.

சங்கம் அமைக்கும் உரிமையும் பேரம் பேசும் உரிமையும் அவர்களுக்கு இருக்க வேண்டும். நல்ல நோக்கத்துக்கு நடத்தும் இடம் என்பதால் அங்கே சங்கம் தேவையில்லை என்ற பேச்சை நாம் ஏற்க முடியாது.

நன்கொடை கொடுப்பவர்கள் 'இந்தக் குட்டியின் பாலுக்கு எவ்வளவு' என்று மட்டும் கேட்காமல், 'இதைப் பார்த்துக்கொள்பவரின் சம்பளத்துக்கு எவ்வளவு' என்றும் கேட்க வேண்டும். தீ எரியும் ஆண்டில் மட்டும் அனுப்பாமல், பல ஆண்டுகளுக்கு உறுதி சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரு குட்டிக்கு எட்டு ஆண்டு என்றால் அதை வளர்ப்பவரின் வேலைக்கும் எட்டு ஆண்டு உத்தரவாதம் வேண்டாமா? பணம் கட்டி வந்து குட்டியைக் கட்டிப்பிடித்துப் படமெடுக்கும் பயணங்களை நிறுத்த வேண்டும். அது நோயைக் கொண்டுபோகிறது. உள்ளூர் ஆளின் வேலையை இரண்டு வாரத் தொண்டரின் பொழுதுபோக்காகவும் ஆக்குகிறது.

காட்டை அழித்த கம்பனிகள் இந்தச் செலவைச் சுமக்க வேண்டும். 2004இல் தொடங்கிய 'ஆர்.எஸ்.பி.ஓ.' எனும் பாம் எண்ணெய் வட்டமேசை அமைப்பில், விதியை மீறி அழித்த காட்டுக்கு ஈடு செய்யும் நடைமுறை இருக்கிறது. அந்த ஈட்டில் மரம் நடுவதோடு, ஹோப் போன்ற மிருகங்களை ஆயுள் முழுவதும் பார்த்துக்கொள்ளும் ஊழியரின் சம்பளமும் ஓய்வூதியமும் எழுதப்பட வேண்டும்.

நமது சங்கம் செய்யக்கூடியது

இலங்கையின் தோட்டத் தொழிற்சங்கங்கள் சில 'ஐ.யு.எஃப்.' எனப்படும் சர்வதேச உணவு, விவசாயத் தொழிலாளர் சம்மேளனத்தில் அங்கம் வகிக்கின்றன. எண்ணெய்ப்பனைத் தொழிலாளரின் நிலை அங்கே பேசப்படும் விடயம். அந்தப் பேச்சில் மறுவாழ்வு நிலைய ஊழியரையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுபோகலாம். மாவட்டக் கமிட்டிகளின் மாதக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். பெண்கள் அணித் தோழியர் அங்குள்ள பராமரிப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதலாம். 1,000 ரூபா போராட்டத்தின்போது உலகின் வேறு மூலைகளிலிருந்து நமக்காக யாராவது குரல் கொடுக்க மாட்டார்களா என்று எதிர்பார்த்தவர்கள் நாம். அந்த எதிர்பார்ப்பு இன்னொரு தீவில் இன்னொரு பெண்ணுக்கும் இருக்கும்.

பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். ஒராங்குட்டான் குட்டியின் படம் பாடப் புத்தகத்திலோ போனிலோ வந்தால், 'பாவம்' என்று சொல்லிவிட்டு நகர வேண்டாம். அதைத் தூக்கி வைத்திருக்கும் பெண்ணைக் காட்டி, 'இவரும் நம்மைப் போல ஒரு தொழிலாளி. இவருக்குச் சம்பளம் சரியாகக் கிடைக்கிறதா?' என்று கேட்கப் பழக்குங்கள்.